ஒரு பெட்டிக்குள் இரு குடித்தனம்

ஒரே உறைக்குள் இரண்டு வாள் இருக்க முடியாது என்று நம் பெரியவர்கள் சொல்வதுண்டு. கணிப்பொறிக்கு அப்பழமொழி பொருந்தாது. ஒரே ஹார்டு டிஸ்க்கில் ஒரு பக்கம் விண்டோஸும் மறுபக்கம் லினக்ஸுமாக ஆண்டுக்கணக்கில் சண்டை சச்சரவின்றிக் குடியிருப்பதை நாம் பல வீடுகளில் காண்கிறோம். சிக்கல் தொடங்குவது, அவ்விரண்டில் ஒன்றைக் காலி செய்து அனுப்ப நினைக்கும் நாளில்தான்.

நண்பர்களே! "டூயல் பூட் போட்டுக் கொடு" என்று கேட்போர் நம் வகுப்பிலேயே பலர். போட்டுக் கொடுப்போரும் பலர். "போட்டதை எடுத்துக் கொடு" என்றால் மட்டும், செமஸ்டர் தேர்வு, தலைவலி, ஊருக்குப் போகிறேன் என்று ஆளுக்கொரு காரணம் சொல்லி நழுவிவிடுகிறோம். நானும் அவ்வாறு நழுவியவனே. ஒருமுறை நழுவாமல் துணிந்து இறங்கி, நண்பனின் வீட்டாரை மூன்று நாள் கலங்க வைத்தவனும் நானே. அந்தப் பட்டறிவையும், பின்னர் எங்கள் வீட்டுக் கணிப்பொறியில் நடந்ததையும் கொண்டு, இவ்வேலையை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதை இங்கு எழுதுகிறேன். வரிசைதான் இதில் முக்கியம். செய்ய வேண்டிய செயல்கள் நான்கைந்துதான், ஒவ்வொன்றும் எளியதே. முன்பின்னாகச் செய்தால்தான் கெடுகிறது.

இரு இயக்கமுறைகளை ஒரே பொறியில் வைப்பது நம் மாநிலத்தில் புதுமையன்று. 2011-ஆம் ஆண்டு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மாணவர்கள் பெற்ற பொறிகள் பலவற்றில், விண்டோஸுடன், சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய 'பாஸ் லினக்ஸ்' என்னும் இயக்கமுறையும் சேர்ந்தே வந்தது. அப்பொறியைத் திறந்ததும் கறுப்புத் திரையில் இரண்டு மூன்று வரிகள் தோன்றும். எதுவும் அழுத்தாவிட்டால் சில நொடிகளில் அதுவாகவே ஒன்றைத் தேர்ந்து உள்ளே போய்விடும். அத்திரையைக் கண்டு, பொறி பழுதாகிவிட்டது என்று அஞ்சியவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு.

அக்கறுப்புத் திரை யாருடையது? இக்கேள்விக்கு விடை தெரியாமல் வேலையில் இறங்கியதுதான் என் முதற்பிழை.

மின்விசையை அழுத்திய அந்த நொடியில் கணிப்பொறியின் நினைவகம் வெறுமையாக இருக்கிறது. இயக்கமுறையோ டிஸ்க்கில் உறங்குகிறது. அதை எழுப்பி நினைவகத்துக்குக் கொண்டுவர ஒரு நிரல் வேண்டும். அந்த நிரலை எழுப்ப இன்னொரு நிரல் வேண்டும். பூட்ஸின் பின்புறத்தில் இழுத்து மாட்டுவதற்கென்று ஒரு வார் இருக்கும். அந்த வாரைத் தானே பிடித்திழுத்துத் தன்னைத்தானே தூக்கிக்கொள்வது என்றொரு வேடிக்கையான ஆங்கில வழக்கு உண்டு. 'பூட்' என்னும் கணிப்பொறிச் சொல் அதிலிருந்து பிறந்ததே. மதர்போர்டில் பதிந்துள்ள சிறு நிரல் முதலில் விழித்து, டிஸ்க்கில் குறித்த ஓர் இடத்தைப் பார்க்கும். அங்கே நிற்கும் வாயில் காவலனுக்கு 'பூட் லோடர்' என்று பெயர். உள்ளே எந்தக் குடித்தனம் எந்த அறையில் இருக்கிறது என்று அவனுக்குத்தான் தெரியும்.

விண்டோஸ் மட்டும் இருக்கும் வீட்டில் காவலன் விண்டோஸின் ஆள். பிறகு லினக்ஸ் குடிவரும்போது, அது தன் காவலனையும் உடன் அழைத்து வருகிறது. அவன் பெயர் கிரப். 1995-இல் தோன்றிய நிரல் இது. இன்று பெரும்பாலான லினக்ஸ் வகைகளோடு வருவது. கிரப் பெருந்தன்மையுள்ளவன். விண்டோஸைத் தேடும் விருந்தினரையும் முகம் சுளிக்காமல் விண்டோஸின் கதவுக்கே கொண்டுபோய் விடுவான். ஆனால் அவன் உண்டு உறங்குவது லினக்ஸின் அறையில். லினக்ஸின் அறையை இடித்தால் காவலனுக்குச் சோறில்லை. சோறில்லாத காவலன் விண்டோஸுக்கும் வழிகாட்ட மாட்டான்.

உவமையை விட்டுப் பொறிக்கு வருவோம். பழைய பொறிகளில் டிஸ்க்கின் முதல் 512 பைட்டுகளே அந்த வாயில். அதற்கு மாஸ்டர் பூட் ரெக்கார்டு, சுருக்கமாக எம்.பி.ஆர்., என்று பெயர். அந்த 512-இல் நிரலுக்குக் கிடைப்பது 446 பைட்டுகளே. அடுத்த 64 பைட்டுகள், டிஸ்க் எத்தனை பார்ட்டிஷன்களாகப் பிரிந்துள்ளது என்னும் பட்டியலுக்கு. ஒரு பார்ட்டிஷனுக்கு 16 பைட் வீதம் நான்கு இடங்கள். எஞ்சிய 2 பைட்டுகள் முத்திரை. இந்தப் பத்தியைக்கூட 446 பைட்டுகளுக்குள் அடக்க முடியாது. ஆகவே கிரப் அவ்விடத்தில் தன் தலையை மட்டும் வைத்துக்கொண்டு, உடலின் ஒரு பகுதியை முதல் பார்ட்டிஷனுக்கு முன்னுள்ள வெற்றிடத்திலும், மீதியை லினக்ஸ் பார்ட்டிஷனுக்குள் ஒரு கோப்புறையிலும் வைத்திருக்கிறது.

2023-ஆம் ஆண்டு, நான் முதலாண்டு படித்தபோது, நண்பன் ஒருவனின் வீட்டில் அவன் அக்காவுக்குக் கிடைத்த பழைய மடிக்கணினி இருந்தது. விண்டோஸ் 7-உம் பாஸ் லினக்ஸும் அதில் இருந்தன. அக்கா பி.எட். படித்தபோது தயாரித்த பாடக் குறிப்புகளும், நண்பனின் தந்தையார் கடைக்கென்று வைத்திருந்த கடிதங்களும் அதில்தான். லினக்ஸைத் தொடுவார் யாருமில்லை. "அந்த வேண்டாததை எடுத்துவிட்டால் இடமாவது மிஞ்சும்" என்றான் நண்பன். நானும் விண்டோஸுக்குள் சென்று, டிஸ்க் மேனேஜ்மென்ட் என்னும் பகுதியைத் திறந்து, பெயரில்லாமல் கிடந்த லினக்ஸ் பார்ட்டிஷன்களை ஒவ்வொன்றாக அழித்தேன். இரண்டு நிமிட வேலை. நண்பனின் தாயார் காப்பி கொண்டுவந்து கொடுத்தார். காப்பியைக் குடித்துவிட்டு, பெருமையோடு பொறியை நிறுத்தித் திறந்து காட்டினேன்.

கறுப்புத் திரை வந்தது. 'அப்படியொரு பார்ட்டிஷன் இல்லை' என்று பொருள்படும் ஓர் ஆங்கில வரியும், அதன் கீழே 'கிரப் ரெஸ்கியூ' என்னும் சொற்களும், கண் சிமிட்டும் ஒரு கோடும் இருந்தன. வேறொன்றுமில்லை. எத்தனை முறை நிறுத்தித் திறந்தாலும் அதே. தலை மட்டும் எஞ்சிய கிரப், தன் உடலைத் தேடிக்கொண்டிருந்தது.

"தம்பி, இருந்ததும் போச்சா?" என்று கேட்டார் நண்பனின் தந்தையார். கோபமாகக் கேட்கவில்லை, அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

உண்மையில் எதுவும் போகவில்லை. விண்டோஸின் அறை அப்படியே பூட்டாமல் இருந்தது. அக்காவின் குறிப்புகளும் கடிதங்களும் உள்ளேயே இருந்தன. அங்கே அழைத்துச் செல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான். அன்று எனக்கு அது தெரியாது. மூன்றாம் நாள், எங்கள் ஊர் பிரவுசிங் சென்டர் அண்ணன் ஒருவர் விண்டோஸ் 7 நிறுவும் பென்டிரைவ் ஒன்றைத் தந்தார். அதிலிருந்து பொறியைத் திறந்து, 'ரிப்பேர்' என்னும் வழியில் கட்டளைத் திரைக்குச் சென்று, 'பூட்ரெக்' என்னும் நிரலை 'ஃபிக்ஸ் எம்.பி.ஆர்.' என்ற குறிப்புடன் இயக்கினோம். அது அந்த 446 பைட்டுகளில் மட்டும் விண்டோஸின் காவலனை மீண்டும் நிறுத்துகிறது. பார்ட்டிஷன் பட்டியலைத் தொடுவதில்லை. ஒரு நொடியில் முடிந்தது. மூன்று நாள் கவலைக்கு ஒரு நொடி மருந்து. லினக்ஸை அழிப்பதற்கு முன்பே இதைச் செய்திருந்தால் அந்தக் கவலையே நேர்ந்திராது. முதலில் காவலனை மாற்ற வேண்டும். மாற்றியவன் சரியாகக் கதவு திறக்கிறானா என்று ஒருமுறை பார்க்க வேண்டும். அதன் பின்னரே அறையை இடிக்க வேண்டும்.

இப்போது விற்கும் பொறிகளில் இந்த ஏற்பாடு மாறியிருக்கிறது. பயாஸுக்குப் பதில் யு.இ.எஃப்.ஐ. என்னும் முறை வந்துள்ளது. இதில் முதல் 512 பைட்டுகளில் நெருக்கியடித்து நிற்க வேண்டியதில்லை. காவலர்களுக்கென்றே டிஸ்க்கில் ஒரு சிறு பார்ட்டிஷன் இருக்கிறது. அதற்கு ஈ.எஃப்.ஐ. சிஸ்டம் பார்ட்டிஷன் என்று பெயர். விண்டோஸ் அதனைப் பெரும்பாலும் 100 எம்.பி. அளவில் அமைத்துக்கொள்கிறது. அதற்குள் மைக்ரோசாஃப்ட் என்று ஒரு கோப்புறையும், உபுண்டு போட்டிருந்தால் உபுண்டு என்று ஒரு கோப்புறையும் அருகருகே இருக்கும். இவர்களுள் யாரை முதலில் எழுப்புவது என்னும் வரிசை மதர்போர்டின் நினைவில் பதிந்திருக்கும். உபுண்டு குடிவரும்போது அவ்வரிசையில் தன்னை முதலில் வைத்துக்கொள்கிறது. விண்டோஸின் காவலன் வேலை நீக்கம் செய்யப்படுவதில்லை; இரண்டாம் இடத்தில் காத்திருக்கிறான். ஆகவே இத்தகைய பொறியில் தவறினாலும் மீள்வது எளிது. திறக்கும்போது அதற்குரிய விசையை அழுத்தினால் வரும் பட்டியலில் 'விண்டோஸ் பூட் மேனேஜர்' என்பதைத் தேர்ந்தால் போதும். அந்த விசை எஃப் 12-ஆகவோ, எஃப் 9-ஆகவோ, வேறாகவோ இருக்கலாம். கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

தம் பொறி பழைய முறையா புதிய முறையா என்று அறிய விண்டோஸில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' என்னும் பக்கத்தைத் திறந்து பார்க்கலாம். 'பயாஸ் மோடு' என்ற வரியில் 'லெகசி' என்றிருந்தால் பழைய முறை, 'யு.இ.எஃப்.ஐ.' என்றிருந்தால் புதிய முறை. இதைப் பார்க்காமல் யாரும் அடுத்த அடி வைக்க வேண்டாம்.

இனி எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். எங்கள் வீட்டு மேசைக் கணிப்பொறியில் 500 ஜி.பி. டிஸ்க். சி, டி என்று இரண்டு பகுதிகளோடு வந்தது. சி நிரலாக்கப் பயிற்சிக்கென்று நான் டி பகுதியில் ஏறத்தாழ 95 ஜி.பி.-யைப் பிரித்து உபுண்டுவை நிறுவினேன். கடந்த ஆண்டு முழுவதும் அதை நான் தொட்டது மிகக் குறைவு. தம்பியோ பிளஸ் டூ படிக்கிறான். அவனுக்கு இடம் போதவில்லை. "அண்ணா, உன் உபுண்டுவை எடுத்துவிடு" என்று நாள்தோறும் நச்சரித்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை உட்கார்ந்தேன். நண்பன் வீட்டுப் பாடம் நினைவில் இருந்ததால், முதலில் யு.இ.எஃப்.ஐ. அமைப்புப் பக்கத்தில் விண்டோஸ் பூட் மேனேஜரை முதலிடத்துக்கு ஏற்றினேன். பொறியை நிறுத்தித் திறந்தேன். கறுப்புத் திரை வரவில்லை. நேரே விண்டோஸ் வந்தது. காவலன் சரி. டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்து, உபுண்டு பார்ட்டிஷன் மீது சொடுக்கி, அழிக்கும் வரியில் சுட்டியை வைத்திருந்த நேரம், அம்மா உள்ளிருந்து கேட்டார்:

"ஏம்ப்பா, குழுக் கணக்கு எதுல இருக்குன்னு பாத்துக்கிட்டுத்தானே செய்யுற?"

"அது விண்டோஸ்லதாம்மா இருக்கு."

"ரெண்டுலயும் இருக்கு. கறுப்பா வர்றப்ப ஒண்ணு, நீலமா வர்றப்ப ஒண்ணு."

எனக்குக் கை நின்றுவிட்டது.

அம்மா எங்கள் தெரு மகளிர் சுயஉதவிக் குழுவின் கணக்கைப் பார்ப்பவர். 14 உறுப்பினர்கள். பேரேட்டில் மொத்த வரவு செலவைக் கையால் எழுதுவார். ஆனால் உட்கடன் வாங்கியவர்களுள் யார் எத்தனை தவணை கட்டினார்கள், வட்டி எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்னும் விவரக் கணக்கை 2024-லிருந்து கணிப்பொறியில் வைத்திருந்தார். போட்டுக் கொடுத்தவன் நானே. பாதுகாப்புக்கு ஒரு படி இருக்கட்டுமே என்று, அதே பெயரில் உபுண்டுவிலும் ஒன்று வைத்திருந்தேன். அதைச் செய்து அரைமணி நேரத்தில் மறந்தும் போனேன்.

அம்மாவுக்கு அந்தப் பெட்டிக்குள் இரண்டு குடித்தனம் இருப்பதே தெரியாது. திறந்தால் எது வருகிறதோ அதில் வேலை செய்வார். எதுவும் அழுத்தாவிட்டால் உபுண்டு. தம்பி விண்டோஸைத் திறந்து வைத்துவிட்டுப் போயிருந்தால் விண்டோஸ். இரண்டிலும் அதே பெயரில் ஒரு கணக்கு. இரண்டிலும் அதே லிப்ரே ஆஃபீஸ். "போன வாரம் போட்ட வரவைக் காணோமே" என்று அவர் இரண்டு மூன்று முறை சொன்னதும் உண்டு. "சரியாகப் பாருங்கம்மா, சேவ் பண்ணாம விட்டிருப்பீங்க" என்று நான் பதில் சொன்னதும் உண்டு.

இங்கே ஒன்றைக் குறிப்பிட வேண்டும். விண்டோஸால் லினக்ஸின் பார்ட்டிஷனைப் படிக்க இயலாது. லினக்ஸ் தன் கோப்புகளை எக்ஸ்ட் 4 என்னும் முறையில் அடுக்கி வைக்கிறது. விண்டோஸுக்கு அவ்வடுக்கு முறை புரியாது. அதனால் டிஸ்க் மேனேஜ்மென்டில் அது எழுத்தோ பெயரோ இல்லாத ஒரு வெற்றுக் கட்டமாகவே காட்சி தரும். உள்ளே ஒன்றுமில்லாத இடம் என்றே பார்ப்பவர் நினைப்பர். விண்டோஸிலிருந்து பார்த்து, 'காலிதானே' என்று அழிப்பது எவ்வளவு எளிது என்பதை அன்று உணர்ந்தேன்.

எனவே பொருள்களை எடுத்து வைக்க, லினக்ஸுக்குள் சென்றே ஆக வேண்டும். மீண்டும் உபுண்டுவைத் திறந்து, ஹோம் என்னும் கோப்புறை முழுவதையும் பென்டிரைவில் படியெடுத்தேன். பென்டிரைவ் ஃபேட் 32 முறையில் இருந்தால் 4 ஜி.பி.-க்கு மேற்பட்ட ஒரே கோப்பு அதில் ஏறாது. பெரிய படங்கள் வைத்திருப்போர் இதைக் கவனிக்க. விண்டோஸின் டி பகுதிக்கே நேராக மாற்றலாமே என்றால், விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' இயங்கிக்கொண்டிருந்தால் அது முழுதாக உறங்காமல் அரைத்தூக்கத்தில் கிடக்கும். அந்நிலையில் லினக்ஸ் அங்கே எழுதத் தயங்கும். பென்டிரைவே நல்லது. எடுத்த படியை வேறொரு பொறியில் திறந்து பார்ப்பது அதைவிட நல்லது.

அன்று பிற்பகல் இரு கணக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அம்மா ரசீதுகளைப் படிக்க நான் ஒப்பிட்டேன். உபுண்டுவில் மட்டும் இருந்த வரவுகள் 11. விண்டோஸில் மட்டும் இருந்தவை 6. 'காணோமே' என்று அம்மா மறுபடி எழுதியதால் இரண்டிலும் வெவ்வேறு தேதியில் ஏறியவை 2. இதற்கிடையில் கடிகாரமும் ஒரு குழப்பம் செய்தது. மதர்போர்டின் கடிகாரத்தை விண்டோஸ் நம் ஊர் நேரமாக எடுத்துக்கொள்ளும்; லினக்ஸோ பொதுவாக அதனை உலகப் பொது நேரமாக வைக்கும். நம் நாட்டுக்கும் அதற்கும் ஐந்தரை மணி வேறுபாடு அல்லவா? உபுண்டுவிலிருந்து விண்டோஸுக்கு வந்தால் மாலை 6 மணிக்குப் பகல் 12.30 என்று காட்டும். ஒரே நாளில் இரு பக்கமும் எழுதிய கணக்கில் எது முந்தியது என்று கோப்பின் நேரத்தைக் கொண்டு தீர்மானிக்க முடியவில்லை. ரசீதுகளே துணை.

அந்த 11-இல் இரண்டு, கடைசி வீட்டு அக்கா கட்டிய தவணைகள். அவர் இரண்டு தவணை பாக்கி என்று முந்தைய கூட்டத்தில் எல்லார் முன்னிலும் படிக்கப்பட்டிருந்தது. "கட்டிட்டேன்னு சொன்னாங்க. நான்தான் கணக்குல இல்லையேன்னு சொன்னேன்" என்றார் அம்மா. ரசீதின் அடிக்கட்டையில் இருந்ததை எவரும் தேடிப் பார்க்கவில்லை. கணிப்பொறி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று எல்லாரும் நம்பிவிட்டார்கள். விளக்கு வைக்கும் நேரத்தில் அம்மா அவர் வீட்டுக்குப் போனார். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

இதன் பின்னர் நான் செய்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். காவலன் ஏற்கெனவே மாறிவிட்டான், பொருள்களும் வெளியேறிவிட்டன. பிட்லாக்கர் என்னும் பூட்டு போட்டிருக்கும் பொறியாயின் அதன் 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். திறக்கும் வரிசையை மாற்றினால் சில பொறிகள் சந்தேகப்பட்டு அச்சாவியைக் கேட்கும். ஆகவே பூட்டுள்ள வீட்டில் இதுவே முதல் வேலை. எங்கள் பொறியில் அப்பூட்டு இல்லை. டிஸ்க் மேனேஜ்மென்டில் உபுண்டுவின் பார்ட்டிஷனை மட்டும் அழித்தேன். அளவை இருமுறை சரிபார்த்தேன். பெயரற்ற கட்டங்கள் எல்லாம் லினக்ஸ் அல்ல, 'ஈ.எஃப்.ஐ. சிஸ்டம்' என்றும் 'ரெகவரி' என்றும் எழுதியிருப்பவற்றின் பக்கமே போகக் கூடாது. அவை விண்டோஸின் வாழ்வாதாரம்.

விடுபட்ட இடத்தைத் தம்பி சி பகுதியோடு சேர்க்கச் சொன்னான். அது இயலவில்லை. விண்டோஸ் ஒரு பகுதியை நீட்ட வேண்டுமானால், காலி இடம் அதன் வலப்பக்கம் ஒட்டினாற்போல் இருக்க வேண்டும். சி-க்கும் காலி இடத்துக்கும் நடுவே டி நிற்கிறது. பக்கத்து மனையைத்தான் வாங்கிச் சேர்க்கலாம். இரண்டு மனை தள்ளி இருப்பதைச் சேர்க்க முடியாது. பார்ட்டிஷன்களை நகர்த்தும் நிரல்கள் உண்டு. நடுவில் மின்சாரம் போனால் என்னவாகும் என்று எண்ணி, நான் அவ்வழிக்குப் போகவில்லை. டி-யையே நீட்டி, தம்பியின் பாட வீடியோக்களையும் படங்களையும் சி-யிலிருந்து டி-க்கு மாற்றினேன். சி-யில் தானாக இடம் கிடைத்தது.

நான் செய்தது லினக்ஸை நீக்கும் வழி. விண்டோஸை நீக்கி லினக்ஸை வைத்துக்கொள்ள விரும்புவோர்க்கு வேலை இன்னும் எளிது. காவலன் கிரப் ஏற்கெனவே லினக்ஸின் ஆள்; அவனை மாற்ற வேண்டியதில்லை. பொருள்களை எடுத்துக்கொண்டு, விண்டோஸின் பார்ட்டிஷனை அழித்து, 'அப்டேட் கிரப்' என்னும் கட்டளையை ஒருமுறை கொடுத்தால் பட்டியலிலிருந்து அப்பெயர் மறையும். ஈ.எஃப்.ஐ. பார்ட்டிஷன் அப்போதும் வேண்டும். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டதால், 11-க்கு ஏறமுடியாத பழைய பொறி வைத்திருப்போர் இவ்வழியை எண்ணிப் பார்க்கலாம். லினக்ஸ் மீது எனக்குப் பகையில்லை. சி நிரல் எழுத இப்போதும் விண்டோஸுக்குள்ளேயே டபிள்யூ.எஸ்.எல். என்னும் வசதியில் உபுண்டுவை இயக்குகிறேன். அது தனிக் குடித்தனம் அன்று. திண்ணையில் தங்கும் விருந்தாளி. வாயிலில் அதற்குக் காவலன் கிடையாது.

இறுதியாக ஒரு சிறு வேலை மிஞ்சியது. பார்ட்டிஷன் போன பிறகும், ஈ.எஃப்.ஐ. பார்ட்டிஷனுக்குள் உபுண்டு என்னும் கோப்புறையும், திறக்கும் பட்டியலில் அதன் பெயரும் அப்படியே இருந்தன. வீட்டைக் காலி செய்தவரின் பெயர்ப்பலகை கதவில் தொங்குவது போல. விட்டுவைத்தாலும் கேடில்லை. ஆனால் மதர்போர்டின் பாட்டரி தீர்ந்து வரிசை குலைந்தால், பொறி அந்தப் பெயரைத் தேடிப் போய் மீண்டும் கறுப்புத் திரையில் நிற்கக்கூடும். நிர்வாகி உரிமையுடன் கட்டளைத் திரையைத் திறந்து, 'மவுண்ட்வால்' கட்டளையால் அப்பார்ட்டிஷனுக்குத் தற்காலிகமாக ஓர் எழுத்தைக் கொடுத்து, உள்ளே சென்று உபுண்டு கோப்புறையை மட்டும் நீக்கினேன். மைக்ரோசாஃப்ட், பூட் என்னும் மற்ற இரண்டையும் தொடவில்லை. கொடுத்த எழுத்தைத் திரும்ப எடுத்துவிட்டேன். பட்டியலில் இருந்த பெயரை யு.இ.எஃப்.ஐ. அமைப்புப் பக்கத்திலேயே நீக்க முடிந்தது.

மறுநாள் மாலை அம்மா பொறியைத் திறந்தார். நேரே விண்டோஸ் வந்தது. கடிகாரம் 6.10 என்று சரியாகக் காட்டியது. மேசையில் 'குழுக் கணக்கு' என்று ஒன்றே ஒன்று இருந்தது. அம்மா அதைத் திறந்து, கடைசி வீட்டு அக்காவின் வரிக்குப் போய், பாக்கி என்ற கட்டத்தில் சுழியம் இருப்பதைப் பார்த்துவிட்டு, அவ்வாரத் தவணைகளை ஏற்றத் தொடங்கினார். ரசீதுக் கட்டை இம்முறை பக்கத்திலேயே இருந்தது.